ஓடெல்லாவை வரையும் கை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் லூசியஸ், ஒரு செய்தியைப் பிறர் சொல்லுமுன் தெரிவிக்கவே நியூயார்க்கிலிருந்து எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

என் சித்திரக்கதை நாயகி ஓடெல்லாவை, நம் கறுப்பினத்துப் பேருந்து ஓட்டுநரை, சிறையிலிருந்து வந்த திருடியாக மாற்றுகிறார்கள்.

"அப்பதான் விக்கும், லூசியஸ்" என்றார் இதழின் வெள்ளைக்கார ஆசிரியர்.

"என் கருத்தைக் கேக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கே."

"அதான் இப்ப கேட்டாச்சே."

சிரித்துவிட்டேன். அந்த விதியைச் சேர்த்தவன் நானே. என் சம்மதம் வேண்டும் என்று எழுதத் தவறினேன். ஓடெல்லா நிறுவனத்தின் சொத்து. நான் விலகினால் வேறொருவர் வரைவார்.

அப்பா ஓட்டுநர் சீருடையில் நிற்கும் படத்தை அனுப்புங்கள். ஓடெல்லாவின் சீருடையை அதைப் பார்த்து வரையத்தான்; சட்டைப்பை எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. கேட்க இங்கே யாருமில்லை.

தபால் எடுக்கும் நேரம். அடுத்த இதழைத் தேவாலயத்தில் காட்டாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து என் பெயரை நீக்கும்படி இன்றே எழுதிக் கொடுத்துவிட்டு, ஓடெல்லாவை வேறொருவர் கையில் விடாமல் நானே தொடர்ந்து வரைவேன்.

லூசியஸ் பெட்வே