பச்சை வரிகள் கறுப்பாக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்
ஏ. ரூத், பி.எஸ்சி. (கணினி அறிவியல்),
த/பெ ஏசுபாதம்,
அச்சரப்பாக்கம்.

பெறுநர்
மாவட்டக் கணினிப் பயிற்சி அலுவலர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: கையேட்டில் நிரல் வரிகளின் நிறம் – வருகைப் பதிவு அழிந்தது – என் தொழிற்பழகுநர் சான்றிதழ் நிறுத்தப்பட்டது – விடுவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாமல்லபுரம் பயிற்சி மையத்தில் ஓராண்டாகத் தொழிற்பழகுநராக உள்ளேன். வருகைப் பதிவு மென்பொருளுக்குக் கையேடு தயாரிக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. வேர்டு மாதிரிக் கோப்பில் நிரல் வரிகளுக்கென மூன்று ஸ்டைல்கள் (ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் மாறும் எழுத்து அமைப்புகள்) அமைத்தேன். கட்டளைக்கு நீலம், மேற்கோள் குறிக்குள் வரும் பெயர்களுக்குச் சிவப்பு, கணினி செயல்படுத்தாத வரிகளுக்குப் பச்சை. நாற்பத்தொரு பக்கங்களிலும் ஒரே நீலம், ஒரே சிவப்பு, ஒரே பச்சை.

2. கண்காணிப்பாளர் திரு. திருநாவுக்கரசு அவர்கள், "இன்னாம்மா இது, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சா மாதிரி கீது?" என்று கேட்டார். சிவப்பு பிழை திருத்துவதற்கு உரியது, பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது, ஒரு தொழிற்பழகுநர் பச்சையில் எழுதி எந்தக் கோப்பிலும் கண்டதில்லை என்றும் தெரிவித்தார். எல்லாவற்றையும் கறுப்பாக்கச் சொன்னார். ஸ்டைலில் நிறத்தை மாற்றினேன். எல்லாப் பக்கங்களும் ஒரு நிமிடத்தில் கறுப்பாயின. "ஒரு நிமிஷ வேலைக்கா ஒரு வாரம் குந்திகினு இருந்த?" என்றார்.

3. பச்சையில் இருந்த வரிகளுள் ஒன்று, பதிவு முழுவதையும் அழிக்கும் கட்டளை. ஆண்டு முடிவில் மட்டும் தேவைப்படும் என்பதால், முன்னால் இரண்டு சிறு கோடுகள் இட்டு முடக்கியிருந்தேன். கறுப்பில் அவை பட்டியலுக்குப் போடும் கோடுகளைப் போலத் தெரிந்தன. கடந்த திங்கட்கிழமை எழுத்தர் திருமதி காசியம்மாள் கோடுகளை விட்டுவிட்டு மீதியைத் தட்டச்சு செய்தார். அறுபத்திரண்டு பேரின் வருகை அழிந்தது. அவர் மீது தவறில்லை. நானும் அப்படித்தான் படித்திருப்பேன்.

4. தாள் ஏட்டைப் பார்த்து மூன்று நாளில் அனைத்தையும் நானே மீண்டும் ஏற்றினேன். என் வருகையும் அதில் இருந்தது. விடுப்பு எடுத்த நான்கு நாட்களையும் விடுப்பு என்றே ஏற்றியுள்ளேன். ஆயினும் "கையேட்டில் குறைபாடு" என்று எழுதி என் சான்றிதழை நிறுத்தியுள்ளனர். அதைக் காட்டினால்தான் வரும் 16ஆம் தேதி சிறுசேரியில் வேலைக்குச் சேர முடியும்.

5. எங்கள் தெருவில் பலருக்கு மனு எழுதித் தந்திருக்கிறேன். எனக்காக எழுதுவது இதுவே முதல். மாதிரிக் கோப்பில் மூன்று நிறங்களையும் அனுமதித்து, சான்றிதழை விடுவிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தங்கள் ஆணையைப் பச்சை மையில் எழுதுவீர்கள். அந்த வரியை எவரும் கறுப்பாக்கச் சொல்ல மாட்டார்கள்.

இணைப்பு: பக்கம் 23, கறுப்பில் ஒன்று, வண்ணத்தில் ஒன்று.

இடம்: அச்சரப்பாக்கம்
நாள்: 06.06.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஏ. ரூத்)