மூன்றாம் முடிச்சுக்கு நான் மட்டும்

லோகநாயகியின் அப்பாவுக்கு,

நீங்கள் ரப்பர் பால்வெட்டு முடிந்து திரும்புவதற்குள் என் தம்பியின் கல்யாணத்துக்காகச் செமிலிங் தோட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். நாத்தனார் முடிச்சை நான்தான் போட வேண்டும். நீங்கள் வர வேண்டியதில்லை.

பிள்ளைகள் பக்கத்து வீட்டு லூர்து மேரி அக்காவிடம் இருக்கிறார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கு சட்டியில் உள்ளது. சின்னவனுக்கு நார் எடுத்து மசித்துக் கொடுங்கள். மத்தியானம் லோகநாயகி மணலில் எழுத்து எழுதட்டும். மாலையில் இருவரோடும் ஒளிந்து விளையாடுங்கள். லாரிச் சத்தம் கேட்டால் ஒளிகிறவர் நீங்களாக இருக்க வேண்டும். இடத்தைச் சின்னவனுக்குக் காட்டாதீர்கள். யார் கேட்டாலும் கைநீட்டிக் காட்டிவிடுவான்.

“மச்சான் கல்யாணத்துக்குப் போகாதவன் என்ன ஆம்பளை?” என்று நேற்றுக் கேட்டீர்கள். ஒரு பிடி அரிசி தராத அந்தத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, கல்யாணத்துக்கு ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறார். “ஆம்பளைங்க ஒருத்தர் விடாம வரணும்லா, வயிறாரச் சாப்பிடலாம்” என்றும் சொல்லியனுப்பினார். போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் ஜப்பான்காரர்கள் இலவசமாகப் படம் காட்டினார்கள். பார்க்கப் போன ஆண்களை லாரியில் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஏற்றிச் சென்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறான். முடிச்சு விழுந்ததும் அவனைப் பின்பக்கமாகக் கிளப்பப் பார்க்கிறேன்.

புஷ்பவள்ளி

பி.கு. நாளை மாலைக்குள் நான் வராவிட்டாலும் தேடி வராதீர்கள்.

இன்னொன்று. உங்கள் வேட்டி சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என் முந்தானையில் இருக்கிறது. கோபத்தை நான் திரும்பியதும் காட்டலாம். அதற்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.