ஐந்து மூட்டைக் கனம்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் உரிய உங்களுக்கு,

பெரம்பலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே உங்கள் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிய நாலு மணி நேரம் ஆகும். வெளியே மூன்று நாளாக விடாத மழை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முழங்கால் தண்ணீர் என்று யாரோ சொல்லிக்கொண்டு போகிறார்கள். எனக்கு நம் காட்டுப் பாதையைப் பற்றித்தான் கவலை. அதே பாதையில் திரும்பிப் போயாக வேண்டும்.

உங்களுக்கு இது எதுவும் தெரியாது. நீங்கள் போய் மூன்றாம் மாதம் அத்தைக்குக் கால் வீங்கியது. பிள்ளை போன துக்கத்தில் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு ரெண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார். அன்றிலிருந்து புதன், சனி என்று வாரம் இரண்டு நாள் இங்கே வருகிறோம். நான் பெரம்பலூரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். நீங்கள் இருந்தவரை ஸ்டியரிங்கைத் தொட விட்டீர்களா என்னை?

காய்ந்த நாளில் பிரச்சினை இல்லை. மழை பெய்தால்தான் உயிர் போய் உயிர் வரும். நம் வீட்டிலிருந்து தார் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் கரிசல் மண் பாதை. ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் நிற்கும், உள்ளே இறங்காது. சித்திரையில் ஒரு கோடை மழைக்கு ஒரு புதன்கிழமை தவறிப்போனது. மறுநாள் அத்தை மூச்சுக்குத் திணறிய திணறலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படுக்க முடியவில்லை, சுவரைப் பிடித்து உட்கார்ந்தே இருந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டர் பெட்டியில் கட்டிலைப் போட்டு ஏற்றிப்போனார். தூக்கிப் போட்ட போட்டில் பாதி வழியிலேயே நினைவு தப்பிவிட்டது. “இனிமே ஒரு நாள்கூட விடாதீங்கம்மா, நுரையீரல்ல தண்ணி ஏறிடும்” என்று நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

டவுனில் ஒரு வீடு பார்த்துக்கொள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். ரெண்டு கறவை மாட்டையும் மக்காச்சோளத்தையும் யாரிடம் விட்டுப்போவது? அதை விட்டால் எங்கள் ரெண்டு பேருக்கும் சோறு எங்கிருந்து வரும்? ஆக, ஐப்பசி வருவதற்குள் எனக்கு இருந்த ஒரே வழி உங்கள் ஜீப்தான். சேற்றில் போவதற்கென்றே நீங்கள் செய்த ஜீப். சேற்றில் ஒரு தடவையாவது போயிருக்கிறதா அது?

முதல் தடவை ஓடை இறக்கத்தில் புதைந்தபோது நானும் உள்ளே இருந்தேன். கல்யாணத்துக்குப் போகிற பட்டுப்புடவையோடு சேற்றில் இறங்கினேன். டிராக்டர் வந்து இழுத்தது, வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. “இனிமே இந்த வண்டியில ஏறுனா ஏன்னு கேளுங்க” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அடுத்த வாரமே வின்ச் வந்துவிட்டது. மரத்தில் கம்பியைக் கட்டினால் மோட்டார் சுற்றி வண்டியைத் தானாக இழுத்துக்கொள்ளுமாம். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

வின்ச்சைத் தாங்க ரயில் தண்டவாளம் போல ஒரு பம்பர். பம்பர் கனத்தில் முன்பக்கம் தாழ்ந்தது என்று தடித்த ஸ்பிரிங். வின்ச் கரண்டைக் குடிக்கிறது என்று இரண்டாவது பேட்டரி. அப்புறம் அகல டயர், அதற்கு ரெண்டு ஸ்பேர், அதை வைக்கக் கூரைமேல் கேரியர், கேரியரைத் தாங்க உள்ளே இரும்புக் கூண்டு. ஒவ்வொரு தடவை புதைந்ததும் ஒரு சாமான் ஏறியது. அந்தக் கனத்தில் அடுத்த தடவை இன்னும் ஆழமாகப் புதைந்தது. பச்சைமலைப் பாறையில் ஏற்றிக் காட்டி, திருச்சி நண்பர்களிடம் பேர் வாங்கினீர்கள். நம் வீட்டு ஓடையைத் தாண்ட முடியவில்லை.

நீங்கள் கரிசலில் பிறந்தவர். மழை பெய்தால் நாம் யாராவது செருப்போடு காட்டில் இறங்குவோமா? அடிக்கு அடி மண் ஒட்டி, நாலு எட்டில் காலைத் தூக்க முடியாது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடுதான் நடப்போம். நீங்களும் அப்படித்தான் நடந்தீர்கள். ஈரத்தில் மாட்டு வண்டியில் அரைப் பாரத்துக்கு மேல் யாரையும் ஏற்ற விடமாட்டீர்கள். ஜீப் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போனது?

இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் காகிதம் தேடியபோது டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சீட்டு கிடைத்தது. அரியலூருக்கு உங்கள் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, சிமெண்ட் லாரிகள் ஏறுகிற எடை மேடையில் ஜீப்பை ஏற்றி விளையாட்டாக எடை போட்டீர்களே, அந்தச் சீட்டு. “பாத்தியா தமிழு, நம்ம புள்ள எப்படி வளந்திருக்கான்” என்று அன்றைக்குச் சிரித்தீர்கள். அந்த எடையையும் ஆர்.சி. புக்கில் இருந்த எடையையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். நடுவில் சுளையாக ஐந்து மூட்டை மக்காச்சோளம். யாரும் ஏறாத வெறும் வண்டியே ஐந்து மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. நான் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே ஆரோக்கியசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். உங்கள் வெல்டிங் கூட்டாளி, வரதராஜன்பேட்டைக்காரர், காஸ் கட்டரோடு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“எல்லாம் நான் வெச்ச வெல்டிங்கு அண்ணி. முன்னாடி கனம் கூடுதுன்னு அண்ணன்ட்ட சொன்னேன். அப்ப ஸ்பிரிங்க மாத்திடுன்னுட்டாரு. நானும் மாத்திட்டேன்.”

“இப்ப எல்லாத்தையும் எடுத்துடுங்கண்ணே.”

அவர் கட்டரைப் பற்றவைப்பதற்குள் அத்தை வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பம்பருக்கு விபூதி பூசிப் பொட்டு வைக்கிறவர் அவர். நேராக வந்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வீங்கிய காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “எம்புள்ள கையால செஞ்சது. ஒரு ஆணிய கழட்டக்கூடாது” என்றார்.

“உங்களுக்காகத்தான் அத்த. மழை வந்துட்டா எப்படி ஆஸ்பத்திரிக்குப் போறது?”

“நான் போவல. எனக்கு அந்த ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவன் போன எடத்துக்கே நானும் போயிடுறேன்.”

எவ்வளவோ கெஞ்சினேன். ஆரோக்கியசாமி அண்ணனும் கெஞ்சினார். அவர் அசையவில்லை. வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டைக்கு மேல் மேகம் கருகருவென்று கட்டிக்கொண்டு நின்றது. சொல்லக்கூடாது என்று ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“இந்த இரும்பாலதான் அத்த உங்க புள்ள செத்தாரு! வண்டி கனம் தாங்காம புதைஞ்சுதான் செத்தாரு!”

பெற்ற தாயிடம் அப்படியா சொல்வது? சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆரோக்கியசாமி அண்ணன் கட்டரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அத்தை என்னையே பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்தான் உயிர் பிரிந்தது என்றுதானே அவரிடம் சொல்லியிருந்தேன்.

“என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு.”

சொன்னேன். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது என்பதால் வேர்க்க விறுவிறுக்க நீங்களே ஓட்டியது. ஓடை இறக்கத்தில் அச்சு வரைக்கும் அமுங்கியது. கம்பியை இழுத்துப்போய் நான் கருவேல மரத்தில் கட்டினேன். மோட்டார் சுற்றியது, வண்டி அசையவில்லை, மரம்தான் வேரோடு வந்து விழுந்தது. அப்புறம் நீங்கள் சொன்னது. அதை மட்டும் இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

“மேல இருக்கறத எல்லாம் எறக்கு தமிழு. கனத்த எறக்கு.”

கேரியரில் இருந்த டீசல் கேன்களைத் தூக்கி எறிந்தேன். ஸ்பேர் டயரில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. எந்த ஸ்பேனர் என்று கேட்டேன். பத்தொன்பது என்றீர்கள். பையைக் கொட்டித் தேடினேன், எல்லாம் சேறு, எண் தெரியவில்லை. இருபத்தொன்றை எடுத்துப் போட்டிருக்கிறேன். போல்ட் தலையில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. நிக்கலையே, நிக்கலையே என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் தலை ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தது. டிராக்டர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார்கள்.

இப்போது எனக்கு எல்லா ஸ்பேனரும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எண் சொல்லிவிடுவேன். தெரிந்து என்ன செய்ய?

அத்தை அழவில்லை. பம்பரிலிருந்து மெல்ல இறங்கி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“எறக்குன்னு அவன் சொன்னானா?”

“ஆமா அத்த.”

“அப்ப எறக்கு. அவன் சொன்னத ஒரு வருசமா ஏன்டி செய்யாம இருந்த?” என்று என் தோளில் ஒரு அடி வைத்தார். வலிக்க வேண்டும் என்றே வைத்த அடி.

மூன்று நாள் வேலை. கூண்டை ஆரோக்கியசாமி அண்ணன் அறுத்தார். போல்ட் எல்லாம் நான் கழற்றினேன், துருப்பிடித்ததற்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினேன். வின்ச், பம்பர், கேரியர், பேட்டரி, பக்கப் படிகள், பின்னால் ஏணி. மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்த பழைய ஒல்லி டயர்களையும் பழைய ஸ்பிரிங்கையுமே திரும்ப மாட்டினோம். அகல டயரில் மண் அப்பி மட்கார்டில் அடைத்துக்கொண்டுதான் சக்கரமே சுற்றாமல் போகிறது என்று அண்ணன் சொன்னார். அத்தை கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஜீப், நீங்கள் ஏலத்தில் எடுத்து வந்த அன்று இருந்த மாதிரியே மொட்டையாக நின்றது. உங்களுக்குப் பிடித்திருக்காது. எனக்கும் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்று காலை விடிந்ததும் அத்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்து, ஊசி போடுகிற கையில் அடிபடாமல் துண்டைச் சுற்றி, கிளப்பினேன். பாதை முழுக்கக் கூழ். ரெண்டாம் கியரில் போட்டது, மாற்றவே இல்லை. பின்பக்கம் இடதும் வலதுமாக இழுத்தது. ஒரு இடத்தில் சக்கரம் சும்மா சுற்றியது, அப்புறம் அதுவாகவே பிடித்துக்கொண்டு ஏறியது. பானெட்டுக்கு முன்னால் தெரிந்த பத்தடி சேற்றைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. ஓடை இறக்கம் வரப்போகிறது, வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்தது தார் ரோடு.

“அந்த எடம் எங்கடி?” என்று பின்னாலிருந்து அத்தை கேட்டார்.

“தாண்டிட்டோம் அத்த.”

“எப்ப?”

எனக்குத் தெரியவில்லை. அடையாளத்துக்கு இருந்த மரமும் இப்போது இல்லை. நீங்கள் செத்த இடத்தை நான் கவனிக்காமலே தாண்டி வந்திருக்கிறேன்.

ஓரமாக நிறுத்திவிட்டுக் கதறினேன். வீட்டிலிருந்து தார் ரோடு வரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்கும் இதே வண்டி, இதே சேறு, இதே ஓடை. இவ்வளவு சுலபமா? உங்களிடம் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வண்டி புதைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. புதைந்திருந்தால், எப்படியும் உங்களைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இப்போது அதற்கும் வழி இல்லை. ஒரு பத்தொன்பது ஸ்பேனர் என் கைக்குக் கிடைத்திருந்தால்? முந்தின வருஷமே ரெண்டு பேரும் உட்கார்ந்து இதைக் கழற்றியிருந்தால்? யாரிடம் கேட்பது இதை? உங்களிடம்தானே கேட்க முடியும்.

“அழுவுறத அப்பறம் அழுவலாம். வண்டிய எடு, நேரமாவுது” என்றார் உங்கள் அம்மா. அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

உள்ளே கூப்பிடுகிறார்கள், முடியப்போகிறது. மழை இன்னும் விடவில்லை. சனிக்கிழமையும் பெய்யும் என்கிறார்கள். பெய்யட்டும். அத்தைக்கு மூச்சு இருக்கும்வரை ஒரு புதனும் ஒரு சனியும் தவறாது, இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. உங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்க்க முடியாத இந்த வாசலுக்கு உங்கள் அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருப்பேன்.

உங்கள் மனைவி,
உங்கள் அம்மாவுக்கு இப்போது மகனாகவும் இருக்கிற மருமகள்,
தமிழ்ச்செல்வி