விழிக்காத விசிறி

நிலவு இரவு, இரண்டாம் நாள். 08:40

கருக்கல் நிலையம், நிலவின் தென்துருவம். பதிவு செய்பவர் பெனடிக்டா ரோச், பொறியாளர். இங்கே நான் ஒருத்திதான். அடுத்த குழு, இந்த இரண்டு வார இரவு விடிந்த பிறகு வரும்.

பாட்டரி 91 சதவீதம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, யூஎஸ்பியில் இணைந்த கருவிகளைக் கணினி அவ்வப்போது உறங்கவைத்து, தேவைப்படும்போது எழுப்புகிறது. எல்லாம் ஒழுங்கு. காலையில் உப்புமா.

மூன்றாம் நாள். 11:15

தலைவலி. கரியமில வாயு மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்யும் விசிறி உறங்கப் போய், விழிக்கவே இல்லை. திரையிலோ 'இயங்குகிறது' என்று பச்சை எழுத்து. அதனால் அலாரமும் அடிக்கவில்லை.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்; ஓடியது. அடுத்த உறக்கத்துக்குப் பின் மறுபடி நின்றது. உறங்கவே விடாமல் ஓட்டலாம், ஆனால் விடியும்வரை பாட்டரி தாங்காது.

விசிறியை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதியவன் குமரகுரு. ஆய்வகத்தில் மூன்று வருஷம் என் பக்கத்து மேஜை. கேட்டேன். பூமியிலிருந்து பதில்:

"அக்கா, தூங்கவைக்கிற சஸ்பெண்ட், எழுப்புற ரெசியூம் ரெண்டையும் நானே நூறு தடவ ஓட்டிப் பாத்திருக்கேன். கேபிள்தான் லூசா இருக்கும். மாத்திப் பாருங்க."

நான்காம் நாள். 16:30

இருந்த மூன்று கேபிள்களையும் மாற்றியாயிற்று. பலனில்லை. விசிறி நிற்கும்போதெல்லாம் எழுந்து கையால் செருகுகிறேன். ஒருமுறை அசந்துவிட்டேன். கண் விழித்தபோது எழுந்து நிற்க முடியவில்லை. தவழ்ந்து போய்ச் செருகினேன்.

ஐந்தாம் நாள். 10:05

டிரைவரின் மூல நிரலைத் திறந்தேன். ரெசியூம் பகுதியில் ஒரே வரி. எதையும் எழுப்பாமல் 'வெற்றி' என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகிறது. அவன் நூறு தடவை எதை ஓட்டிப் பார்த்தான்?

கேட்டேன். பதில் வந்தது:

"டெலிவரி தேதி நெருங்கிருச்சுக்கா. அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டுட்டேன். நீங்கதான் போவீங்கன்னு அப்பத் தெரியாது."

வேறு யாராவது போயிருந்தால் பரவாயில்லையாம்.

ஆறாம் நாள். 19:20

நானே எழுதினேன். எழுப்பும் சமிக்ஞையை இருபது மில்லி வினாடி கொடுத்தேன். அசையவில்லை. உறக்கத்தில் கருவி தன் நினைவகத்தையே இழந்துவிடுகிறது. ஆகவே எழுப்பியதும் ரீசெட் செய்து, வேகத்தைப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தேன். ஓடியது. நாற்பது முறை உறங்கவைத்து எழுப்பினேன், நாற்பதும் சரி. அழுதேன். தூங்கப் போகிறேன்.

ஏழாம் நாள். 07:50

விசிறி நின்றிருக்கிறது. நான் எழுதிய நிரல் கோப்பைக் காணோம். பூமியில் உள்ள கட்டுப்பாட்டு அறை தன் வழக்கமான சரிபார்ப்பில் அதை அழித்துவிட்டுப் பழையதை ஏற்றியிருக்கிறது. நிறுத்தச் சொன்னேன். திட்ட மேலாளர் வைத்தியலிங்கம்:

"சான்று பெறாத மென்பொருளை உயிர்காக்கும் கருவியில் ஓட்ட அனுமதியில்லை, மேடம். பழைய பதிப்பில் எந்தக் குறையும் இல்லையென்று அதை எழுதியவரே உறுதி சொல்லியிருக்கிறார்."

பின்னாலேயே குமரகுரு, தனியாக:

"கோவிச்சுக்காதீங்கக்கா. உண்மையச் சொன்னா வேல போயிரும். நானே சரிபண்ணி அனுப்பிர்றேன். அதுவரைக்கும் கையால சமாளிச்சுக்கோங்க."

ஏழாம் நாள். 15:10

என் கோப்பை மறுபடி ஏற்றினேன். அழித்தார்கள். மறுபடி ஏற்றினேன். அழித்தார்கள். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எழுத்துப் பிழைகளைத் திருத்தப் போவதில்லை.

பூமி இந்தக் கணினிக்குள் வர ஒரே வழி ஆன்டெனா கேபிள்.

ஏழாம் நாள். நேரம் பார்க்கவில்லை

கழற்றிவிட்டேன். என் கோப்பை ஏற்றிவிட்டேன். விசிறி ஓடுகிறது. நான் இருக்கிறேனா இல்லையா என்பது இனி பூமிக்குத் தெரியாது. பாட்டரி போனாலும் தெரியாது.

வருகிறவர்களுக்கு: என் கோப்பைப் பிரதி எடுக்காமல் ஆன்டெனாவை இணைக்க வேண்டாம்.

கழற்றும்போது குமரகுருவின் செய்தி வந்துகொண்டிருந்தது. "அக்கா, நான் அவங்ககிட்ட உண்மைய" என்பதுவரை வந்தது. சொல்லிட்டேன் என்றா, சொல்ல முடியல என்றா?

மிச்சத்தைக் கேட்கக் கேபிளை நோக்கிக் கை போனது.

செருகவில்லை.