அடுப்புக் காலுக்கு அடியில்

அத்தை,

நேற்று காலை பழைய அடுப்பை எடுத்துவிட்டோம். உங்களுக்குத் தெரிந்த அதே அடுப்புதான். மேலே நான்கு பர்னர், கீழே கரண்டில் ஓடும் ஓவன், வெள்ளை எனாமல், என் அப்பா சீராகக் கொடுத்தது. புது அடுப்பை மாட்ட வந்தவர் அதை ஒரு பக்கம் சாய்த்தபோது, பின்பக்க இடது காலுக்கு அடியில் தரையோடு ஒட்டிக்கிடந்த ஒரு வில்லை தெரிந்தது. உள்ளங்கை அகலம். கறுப்பும் அரக்குச் சிவப்புமாய்க் கலந்த நிறம். அவர் திருப்புளியால் நெம்பி எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கல்லும் இல்ல, ரப்பரும் இல்ல."

உங்கள் பிள்ளை அங்கேதான் இருந்தார். நம் பையன் கட்டிக்கொள்ளப் போகும் தாரணியும் இருந்தாள்; புது ஓவனைப் பார்க்கவென்றே முசரவாக்கத்திலிருந்து வந்திருந்தாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் என்பதை அப்புறம் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்தவரை என்னைப் பேச விட்டதில்லை, இப்போது கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் செங்கல்பட்டில் பேக்கரி வைத்திருந்தவரின் பெண். ஜாதகம் பொருந்தியது, வேறு எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை. பொண்ணு பார்த்துவிட்டுப் போகும்போதே "பன்னு விக்கிறவங்க" என்று நீங்கள் சொன்னது என் அம்மாவின் காதில் விழுந்தது. அப்பா அதைக் கேட்டும் சிரித்துக்கொண்டே, சென்னைக்குப் போய் நாள் முழுக்க அலைந்து அந்த அடுப்பைத் தேர்ந்தெடுத்து வந்தார். கதவு இறுக்கமாக மூட வேண்டும், சூடு ஒரே சீராகப் பரவ வேண்டும் என்று கடைக்காரனைப் பாடாய்ப் படுத்தினாராம். அவருக்குத் தெரிந்த ஒரே சீர் அதுதான்.

நீங்கள் முதல் நாளே சட்டம் போட்டீர்கள். "மேல சமைச்சிக்கோ. கீழ தொறக்காத. பெருமாள் போற தெரு இது, முட்டை நாத்தம் வரக் கூடாது." முட்டை இல்லாமலும் கேக் செய்யலாம் என்றேன். "முட்டை போட்டாலும் போடலன்னாலும் அது முட்டைப் பெட்டிதான்மா" என்று முடித்துவிட்டீர்கள்.

முகூர்த்தப் புடவையை நீங்களே எனக்குக் கட்டிவிட்டீர்கள். அரக்கு நிறம், மாங்காய் போட்ட ஜரிகைக் கரை. "என்னுதும் உன்னுதும் ஒரே ஜோடி. நம்ம வூட்டுத் தறியில நெஞ்சது, தொட்டுப் பாரு." தொட்டுப் பார்த்தேன். மாவு பதமாகப் பிசைந்திருக்கிறதா என்று என் விரலுக்குத் தெரியும், பட்டு தெரியாது. பளபளவென்று இருந்தது, சந்தோஷப்பட்டேன். சாயங்காலமே அவிழ்த்து வாங்கி மடித்து உங்கள் மர பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். தீபாவளிக்குக் கேட்டேன், வளைகாப்புக்குக் கேட்டேன். "சும்மா சும்மா கட்டிக்கினு இருந்தா ஜரிகை கறுத்துப்பூடும்" என்றீர்கள். இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்களே என்று நான் உருகியதும் உண்டு. அவ்வளவு மக்கு.

பையனின் முதல் பிறந்தநாள் வந்தது. நீங்கள் ஓரிக்கையில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தீர்கள். அப்பா முட்டையில்லாத கேக்குக்குப் பக்குவம் சொல்லி, தகர அச்சும் அனுப்பியிருந்தார். நீங்கள் திரும்புவதற்குள் வேகவைத்து, ஆறவைத்து, ஓவனையும் துடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முந்தின வாரம் உள்ளே பார்த்தபோது காலியாக இருந்தது. பேக்கரிக்காரர் பெண் இல்லையா, வெறும் ஓவனை முதலில் சூடேற்ற வேண்டும் என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். சுவிட்சைப் போட்டுவிட்டு மாவு கலக்க உட்கார்ந்தேன்.

தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற வீட்டில் எலிக்குக் குறைவேது. அந்த வாரம் உங்கள் மர பீரோவின் பின்பலகையை எலி கடித்திருக்கிறது. வீட்டில் எலி நுழைய முடியாத ஒரே இரும்புப் பெட்டி எது என்று யோசித்து, இரண்டு புடவைகளையும் மல் துணியில் சுற்றி, யாரிடமும் சொல்லாமல் நான் தொடக்கூடாத அந்த ஓவனுக்குள் வைத்திருக்கிறீர்கள். நெசவுக்கார வீட்டில் அல்லாமல் வேறு எங்கும் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

முதலில் முடி கருகுகிற வாடை வந்தது. பின்னாலேயே பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. உங்கள் பிள்ளை தறியிலிருந்து எழுந்து ஓடிவந்து ஒயரைப் பிடுங்கி, கோணி ஈரமாக்கிப் போட்டு அணைத்தார். ஓவன் தட்டை வெளியே இழுத்தோம். அதே நேரம் நீங்களும் உள்ளே வந்தீர்கள்.

தட்டில் வலது பக்கம் உங்கள் புடவை. கறுத்துப் பொருபொருவென்று கிடந்தது, அவர் தொட்டதும் விரலில் மாவாக உதிர்ந்தது. இடது பக்கம் என்னுடையது. அது உதிரவில்லை. உருகி, வழிந்து, தட்டோடு ஒட்டி இறுகியிருந்தது. அவர் அதை விரலால் அழுத்திப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். "ரெண்டு பட்ட எரிச்சிட்டாளே" என்று தெருவுக்கே கேட்டது. ஒரு புடவைக்காக நீங்கள் அழுததில் குறை சொல்ல மாட்டேன். இரண்டு என்று சொன்னீர்கள் பாருங்கள், அதற்குத்தான் உங்களை வெறுத்தேன்.

மறுநாள் தறிப்பக்கம் போய் அவரிடம் கேட்டேன். "அது பட்டா?"

அவர் தறியில் ஓடிய நாடாவை நிறுத்தவில்லை. "பட்டு உருகாது."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தறியில உக்காந்துக்கினு இதுகூடத் தெரியாமலா? பன்னு விக்கிறவங்களுக்கு என்ன தெரியப்போவுதுன்னு அம்மாதான் சொன்னாங்க." அப்புறம் தலையைத் தூக்கி, "வெளிய சொல்லாதமா. மருமகளுக்கே போலி குடுத்த வூடுன்னு பேர் வந்தா, அடுத்த பாவு எந்த முதலாளி குடுப்பாரு?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. கைக்குழந்தையோடு நானும் அந்தத் தறியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் மூடவில்லை. வந்தவர் போனவர் எல்லாரிடமும் "ஒரே நாள்ல ரெண்டு பட்ட எரிச்சவ எங்க மருமக" என்று சொல்லிச் சிரித்தீர்கள், நான் அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போது. விஷயம் செங்கல்பட்டுக்கும் போயிற்று. அப்பா கூசிப்போய், உங்களுக்கென்று ஒரு பட்டு வாங்கிக்கொண்டு வந்து, தட்டில் வைத்துக் கும்பிட்டு நீட்டினார். நீங்கள் முந்தானையைப் பிரித்து, கட்டைவிரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அசல்தானே?" என்றீர்கள். அப்பா கடை பில்லை எடுத்துக் காட்டினார். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் உங்களை மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அப்பா கடைசிவரை உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

எரிந்த அன்றைக்கே ஓவன் தட்டைச் சுரண்டிச் சாம்பலை எல்லாம் நீங்கள்தான் குப்பையில் கொட்டினீர்கள். உருகின வில்லையை மட்டும் நான் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். மறுவாரம் கழுவுவதற்காக நகர்த்திய அடுப்பு, நம் சமையலறைத் தரையின் சாய்வில் ஒரு காலில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்கு அடியில் வில்லையைச் செருகினேன். "இப்பதான் ஆடாம நிக்குது" என்று நீங்களே சொன்னீர்கள். அன்றைக்குத்தான் இந்த வீட்டில் முதல்முறையாக மனசுவிட்டுச் சிரித்தேன், உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நீங்கள் படுத்த படுக்கையாக இருந்தபோது, கஞ்சி ஊட்டிக்கொண்டே ஒருமுறை கேட்டேன். "என் புடவை பட்டா அத்தை?" ஒரு வாய் விழுங்கினீர்கள். "நீதான எரிச்ச. உனக்குத் தெரியாதா?" என்றீர்கள். அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தீர்கள், நானும் ஊட்டினேன்.

எரிந்துபோன ஓவனை யாரும் சரிசெய்யவில்லை. அதில் தோசைக்கல்லும் வடைச்சட்டியும் குடியிருந்தன. போன மாதம் தாரணி வந்தவள் கதவைத் திறந்து பார்த்து, "ஓவன் வொர்க் ஆகாதா ஆன்ட்டி? நான் கேக் பண்ணுவேன்" என்றாள். அடுத்த நாளே மூன்று பேரும் கடைக்குப் போனோம். சுவரில் பதிக்கிற ஓவன், மேடையில் பதிக்கிற அடுப்பு என்று கடைப்பையன் காட்டிக்கொண்டே போனான். தாரணிக்கு அதில்தான் ஆசை. உங்கள் பிள்ளை "பழசு இன்னும் நல்லாத்தான எரியுது" என்று முனகினார். நான் தரையில் நிற்கிற ஒன்றைக் காட்டினேன். கதவு முழுக்கக் கண்ணாடி, உள்ளே விளக்கு. "உள்ள என்னா இருக்குதுன்னு தொறக்காமலே பாத்துக்கலாம் மேடம்" என்றான். அதுவே போதும் என்றேன். உங்கள் பிள்ளை பணம் கட்டப் போனார்.

அதைத்தான் நேற்று மாட்டினார்கள். இனி நான் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

வில்லையை வாங்கித் தாரணியின் கையில் வைத்தேன். "இது என் கல்யாணப் புடவைமா. உன் மாமனாரைக் கேளு, பட்டு உருகுமான்னு."

அவள் வில்லையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அடுப்பு மாட்ட வந்தவர்கூட வேலையை நிறுத்திவிட்டார்.

"உருகாது" என்றார் உங்கள் பிள்ளை. முதல்முறையாக, மற்றவர் காதில் விழும்படி.

அந்தப் பெண் உங்களுக்குச் சரியான ஜோடியாக இருந்திருப்பாள். கொஞ்சமும் யோசிக்காமல், "அப்போ எனக்கு எடுத்த புடவை?" என்றாள்.

"அடுப்பு நிக்கட்டும்" என்றேன்.

புதியது அதே மூலையில் ஆடியது. "கால் ஸ்க்ரூவ முழுசா எறக்கிட்டேன்மா, தரை அவ்ளோ சாய்வு. அடியில எதனா வெக்கணும்" என்றார் மாட்ட வந்தவர். தாரணியின் கையிலிருந்து வில்லையை வாங்கிக் கொடுத்தேன். பிறகு அவளுக்காகக் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த புடவையைக் கொண்டுவந்து, முந்தானைத் தும்பிலிருந்து ஒரே ஒரு இழையை உருவச் சொன்னேன். பர்னரைப் பற்றவைத்தேன். புது அடுப்பில் முதலில் எரிந்தது அந்த இழைதான். முடி கருகுகிற வாடை சமையலறை முழுக்கப் பரவியது. சாம்பல் அவள் விரல்களுக்கு நடுவில் பொடியாகப் போயிற்று. அவள் அந்த விரலை என்னிடம் காட்டவில்லை, உங்கள் பிள்ளையிடம் காட்டினாள்.

அப்புறம் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்தபோதும் அடுப்பு ஆடவில்லை. உங்கள் அசல் பட்டு அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது அத்தை. நீங்கள் எனக்குக் கட்டிவிட்ட புடவைதான் இந்த வீட்டு அடுப்பை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது.