ஐந்தாவது பெயர்

காக்ஸ் டவுன் ஜெராக்ஸ் கடையில், "டபுள் சைடு போட்டுடவா மேடம்?" என்று கேட்டார்கள். "வேண்டாம், ஒரு பக்கம் மட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில், ஆதார் அட்டையோடு பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் சற்று ஒதுங்கிக்கொண்டார். மெஷினிலிருந்து வந்த காகிதங்களின் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும் ஒவ்வொரு தாளாகப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எட்டு வருடங்களுக்கு முந்தைய அதே பயம். இம்முறை கையில் இருப்பது நீ எழுதிய இசை.

நமக்குப் பதினாறு வயது அப்போது. சர்ச் ஹாலில் இசை எழுதக் கற்றுக்கொண்ட ஐந்து பேரில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இருவர்தான். மற்றவர்களைப் பற்றி அவர்கள் எதிரிலேயே வம்பு பேச அது வசதியாக இருந்தது. உன் மடிக்கணினியில் மாற்றி மாற்றி எழுதினோம். கணினி எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாசித்துவிடும் என்பதால் நம்மை மேதைகள் என்றே நம்பிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒருநாள், இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நிஜமான நாலு பேர் வந்து நம்முடையதை மேடையில் வாசிக்கப் போகிறார்கள் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நிகழ்ச்சிக்கு முன் ஒத்திகை. செல்லோ வாசிக்கும் அங்கிள் என் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். காகிதம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நாம் இருபுறமும் அச்செடுத்திருந்தோம். முதல் பக்கம் முடிகிற இடத்தில் அவருக்கு ஒரு நொடி ஓய்வுகூட நான் எழுதியிருக்கவில்லை.

"ஏம்மா, ஒரு கை வில்லுல இருக்கு, ஒரு கை தந்தியில இருக்கு. பேப்பரை எந்தக் கையால திருப்பட்டும்?"

அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியதில் தமிழ் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் கேலியாகக் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது; அன்றைக்குக் காது அடைத்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைக்க வேறு பிரதி எடுக்கலாமென்றால் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. என்னுடையதை எடுத்துவிடச் சொல்லும் முடிவோடு கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். நீ வந்து கதவைத் தட்டினாய்.

"வெளிய வா டி. நான் அவர் பக்கத்துல நின்னு திருப்பறேன்."

"கேவலமா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். பயந்துக்கிட்டே உக்காரு. ஓடிப்போறது மட்டும் வேணாம்."

நாலாவதாக என்னுடையது. குளியலறையில் பாடியதை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டதுபோல் இருந்தது. நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தேன். பக்கம் முடியப்போகிற இடத்தில்தான் தலையை நிமிர்த்தினேன். செல்லோவின் பக்கத்தில் நீ நின்றிருந்தாய். உன் விரலில் இருந்த காகித முனை என் இடத்திலிருந்தே தெரியும்படி ஆடிற்று. இருந்தாலும் சரியான நேரத்தில் திருப்பிவிட்டாய், ஒரு சுரம்கூடத் தவறவில்லை. கைதட்டல் எழுந்தது. யார் யாரோ வந்து என் கையைக் குலுக்கினார்கள். என் கால் தரையில் படவில்லை.

உன்னுடையது ஐந்தாவது. அது வரவேயில்லை. "என்னுது வேணாம் அங்கிள்" என்று அவரிடம் சொல்லிவிட்டு நீ மேடையிலிருந்து இறங்கிப் போயிருக்கிறாய். வெளியே உன் அம்மாவின் ஸ்கூட்டர் பக்கத்தில் உன்னைப் பிடித்தபோது, "லேட் ஆயிடுச்சு டி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாய். பொய் என்று உன் முகத்தில் எழுதியிருந்தது. என் சந்தோஷம் கலைந்துவிடுமே என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

அடுத்த வருடம் வகுப்பே நடக்கவில்லை. அதன் பிறகு கல்லூரி, வேலை. அப்புறம் உனக்கு டெங்கு. ஆறே நாள்.

மூன்று வருடம் மூடியே வைத்திருந்த உன் மடிக்கணினியைப் போன மாதம் உன் அம்மா என்னிடம் கொடுத்தார். அதில் அந்த ஐந்தாவது இசை இருந்தது. வாசிக்கப்போகும் நாலு பேருக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுதிவிட்டேன். இன்னும் ஒருமுறைகூட ஒலிக்கவிட்டுக் கேட்கவில்லை. விரல் அந்தப் பொத்தானுக்குப் போகமாட்டேன் என்கிறது. சுமாராக இருந்தால் முன்வரிசையில் உட்காரப்போகும் உன் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? நன்றாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். அன்று எதை வெளியே போகவிட்டேன் என்று தெரிந்துவிடும்.

அதே ஹாலில் இப்போது நான்தான் வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை என் பிள்ளைகள் நாலு பேருடைய இசையோடு உன்னுடையதும். நேற்று உன் அம்மாவை அழைக்கப் போனேன். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"அன்னிக்கு மேடையிலருந்து இறங்கி வந்து ஹால் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா கண்ணு. உள்ள போ டின்னேன். 'அவ திரும்பிப் பாத்து ஒரு வாட்டி கூப்பிட்டா போறேம்மா'ன்னா."

நான் கைதட்டல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசிப்பதற்கு முன் எழுதியவரின் பெயரை மேடையில் அழைப்பது என் வேலை. நாலு பெயரும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஐந்தாவதாக உன் பெயரை வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்.