பாட்டின் மிச்சம்

நவம்பர் 3, திங்கள்

காலையில் ஒரே புகார் மூட்டம். இக்காஸ்ட் ஸ்டேஷன் கடிகாரம்கூடத் தெரியவில்லை. முழங்கால் வலி. மாத்திரை முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

முதியோர் இல்லத்தில் இன்று எனக்கு ஆறாம் அறை வேலை. கார்ல். முன்பு லொறி ஓட்டியவர், எழுபத்து நாலு வயது, கால் இரண்டும் இயங்காது. சவரம் செய்துவிடும்போது புது சிடி ஒன்றைப் போடச் சொன்னார். மகள் அனுப்பியதாம். ரின்சல் டியூக்ஸ் என்ற பாட்டுக் குழு, தனித்தனி இசைத்தட்டாக வெளிவந்த சிங்கிள்கள் அத்தனையும். அட்டையில் ஐந்து ஆம்பிளைகள், வெள்ளிச் சப்பாத்து, குதி அரை முழம், கண்ணைச் சுற்றி மினுக்கம். சிரித்தேன். எங்கேயோ பார்த்த முகங்கள்.

முதல் பாட்டு. மேளம், கைதட்டல், பிறகு அந்த ஆள் கத்தத் தொடங்க என் கை நின்றுவிட்டது. அடுத்த வரி எனக்குத் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். இரண்டாம் கோரஸின் பாதியில் பாட்டு அறுந்து, என் தம்பி சீலன் கதைக்க வேண்டும். அண்ணை, கேக்குதோ என்று. காத்துக்கொண்டு நின்றேன். பாட்டு அறுபடவில்லை. தன்பாட்டுக்குப் போய் முடிந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அதன் முடிவை இன்றுதான் கேட்டேன்.

ஏன் அழுகிறாய் என்று கார்ல் கேட்டார். சோப்பு பட்டுவிட்டது என்றேன். சோப்பு அவர் முகத்தில் அல்லவா இருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. வேலை இல்லை. எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் இதுவும் போய்விடும்.

டென்மார்க்குக்கு வந்த இரண்டாம் வருடம். ஹொல்ஸ்டெப்ரோவில் தனி அறை. யாழ்ப்பாணத்துக்குக் கசெட்டில் பேசி அனுப்புவதுதான் அப்போது எல்லோருக்கும் வழக்கம். புதுக் கசெட் வாங்குவதில்லை. பழைய சாமான் கடையில் பாட்டுக் கசெட் எடுப்போம். மேல் விளிம்பில் இரண்டு குழி இருக்கும், அழியாமல் இருக்கட்டும் என்று உடைத்து விட்டவை. அவற்றை செலோரேப் ஒட்டுநாடாவால் மூடினால் பாட்டின்மேல் பேசலாம். அப்படி எடுத்ததுதான் இந்த ரின்சல் டியூக்ஸ் கசெட்.

முதல் பாட்டில் பாதியைத் தம்பிக்கு விட்டேன், வெள்ளைக்காரரின் கூத்தைக் கேட்கட்டும் என்று. மிச்சத்தில் பேசினேன். அவன் அதே கசெட்டில், அதே இடத்திலிருந்து, என் பேச்சின்மேல் தன் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்பினான். மூன்று தரம் போய் வந்தது. மூன்றாம் தரம் வந்த பிறகு அவனைக் காணவில்லை. இன்றுவரை காணவில்லை.

கசெட்டை மூடி வைத்துவிட்டேன். கேட்கப் பயம். பிறகு கேட்க மெஷினும் இல்லை.

இன்று முழுக்க அவன் குரலை நினைத்துப் பார்க்கிறேன். சொற்கள் வருகின்றன. குரல் வரவில்லை. எல்லாம் என் குரலில்தான் வருகின்றன.

நவம்பர் 5, புதன்

தேடிய இடங்கள்: நிலவறை. அலுமாரிக்கு மேல். தையல் மெஷின் பெட்டி. சாமித் தட்டுக்குக் கீழே. கார் டிக்கி.

கிடைத்தவை: மகளின் தமிழ்ப் பள்ளி றிப்போட். ஒற்றைக் கையுறை நாலு. ஹொல்ஸ்டெப்ரோ வீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பு.

மனைவி மல்லிகா வேலையால் வந்ததும் கேட்டேன். வீடு மாறும்போது நாலு பெட்டியைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்தாளாம். உள்ளே என்ன இருந்தது என்று ஞாபகம் இல்லையாம். கத்திவிட்டேன். என் தம்பியைக் குப்பையில் போட்டுவிட்டாய் என்று சொன்னேன். முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லுகிற கதையா அது. அவள் என் சோற்றை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 7, வெள்ளி

காற்று. வீட்டில் பேச்சில்லை. தேநீரை மேசையில் வைக்கிற சத்தம் மட்டும்.

இக்காஸ்டில் இரண்டு பழைய சாமான் கடை, ஹெர்னிங்கில் மூன்று. ஐந்துக்கும் போனேன். பதினாறு வருடத்துக்கு முந்திக் கொடுத்த பெட்டியைக் கேட்கிறேன். கடைசிக் கடையில் நின்ற பிள்ளை சிரிக்கவில்லை, அதுவே பெரிய உதவி. எனக்கு விசர்தான்.

வேலை முடிந்தும் கார்லின் அறையில் இருந்தேன். இருபத்திரண்டு பாட்டும் கேட்டோம். ஆறு நல்லது, மிச்சம் ஒரே மேளம். ஒன்பதாவது மெதுவான பாட்டு. யாருமே வாங்காத சிங்கிளாம், இருப்பதில் அதுதான் நல்லது. ஹொல்ஸ்டெப்ரோ மண்டபம் ஒன்றுக்கு இவர்கள் வந்தபோது கார்ல் மனைவியின் மினுக்கத்தைக் கண்ணில் பூசிக்கொண்டு போனாராம். பிறகு இவர்களை மறந்தே போனாராம். எப்படி மறந்தேன் என்று தன்னையே கேட்கிறார். அவருக்காவது அதை அனுப்ப ஒரு மகள் இருக்கிறாள்.

சீலனின் படம் மூன்று இருக்கிறது. மூன்றிலும் வாய் மூடியிருக்கிறது. இனி என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை.

நவம்பர் 8, சனி

மகள் ஆரணி புரொண்பியிலிருந்து போன் எடுத்தாள். தாய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஆரணி வழக்கம்போல டெனிஷில்தான் கதைத்தாள். கடைக்குப் போகவிருந்த பெட்டியிலிருந்து ஒரு கசெட்டைத் தான் எடுத்து வைத்ததாகச் சொன்னாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அட்டைப் படம் பிடித்ததாம்.

வெள்ளிச் சப்பாத்துக்காரரா என்று கேட்டேன்.

"ஓம் அப்பா." அது மட்டும் தமிழில்.

நாளை காரில் கொண்டுவருகிறாள். மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்று கேட்கவில்லை. நாளை, அவன் குரலைக் கேட்ட பிறகு.

நவம்பர் 9, ஞாயிறு

கார்லின் மெஷினில் கசெட் போடும் இடமும் உண்டு. அவர் சக்கர நாற்காலியில். நான், மல்லிகா, ஆரணி மூவரும் அவருடைய கட்டிலில் வரிசையாக.

செலோரேப் மஞ்சளாகி அப்படியே ஒட்டியிருக்கிறது. பாட்டு தொடங்கியது. கார்ல் விரலால் தாளம் போட்டார். இரண்டாம் கோரஸ். அறுந்தது.

"தம்பி, கேக்குதோ?"

நான். என் குரல். இருபத்தாறு வயதுக் குரல்.

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மூன்றாம் தரம் வந்த கசெட்டில், வழக்கம்போல அவன்மேலேயே பதில் பேசியிருக்கிறேன். அந்தக் கிழமையோடு சண்டையால் யாழ்ப்பாணத்துக்குத் தபால் நின்றது. அனுப்பவில்லை. பேசியதையும் மறந்துவிட்டேன். மல்லிகா அல்ல, கடை அல்ல. நானே அழித்தேன்.

இருபது நிமிடம் பேசுகிறேன். இங்கே குளிராம். புதுக் கோட் வாங்கினேனாம். பிறகு அவனுக்குப் புத்தி: சைக்கிளில் சுற்றாதே, கண்டவர்களோடு சேராதே, இங்கிலீஷ் படி. மூச்சு விடாமல். கசெட்டில் பேசும் அந்தப் பெடியனின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. நிறுத்த எழும்பினேன். மல்லிகா கையைப் பிடித்து இருத்தினாள்.

டக் என்று ஒரு சத்தம். என் பேச்சு முடிந்த இடம். அவனுடைய பேச்சு என்னுடையதைவிடக் கொஞ்சம் நீளம், அதன் வால் அழியாமல் மிஞ்சியிருக்கிறது.

"...கசெட் முடியப்போகுது அண்ணை. அந்தப் பாட்டின்ரை மிச்சத்தையும் ஒருக்கால் அனுப்புங்கோ. நல்லா வாற இடத்திலை எப்பவும் நீங்கள் வந்து குழப்பிப்போடுறியள்."

சிரிப்பு. முடிந்தது.

மெல்லிய குரல். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெடியன்.

நவம்பர் 10, திங்கள்

மழை. லீவு. மாத்திரை இன்னும் வாங்கவில்லை. கார்ல் மெஷினையும் சிடியையும் எங்களோடு அனுப்பிவிட்டார்.

காலை முழுக்க அந்தச் சின்னத் துண்டு. பதினேழு தரம். பிறகு ஒரு யோசனை. கசெட்டின் மற்றப் பக்கத்தில் பாட்டை முழுதாகப் பதிந்தால் என்ன. அவன் கேட்டதுதானே. சிடியை வைத்தேன். கசெட்டை வைத்தேன். எந்தப் பக்கம் என்று இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தரமும் பார்த்தேன்.

மல்லிகா சமையலறையிலிருந்து வந்தாள். கசெட்டை வெளியே எடுத்தாள். இரண்டு குழியிலும் இருந்த செலோரேப்பை நகத்தால் உரித்து, உருட்டி, குப்பையில் போட்டாள். ஐந்து நாளில் முதல் தரமாக என்னோடு கதைத்தாள்.

"இனி இதிலை நீங்கள் ஒண்டும் கதைக்கேலாது."

சிடியில் பாட்டை அவளே போட்டாள். முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை.